பானட் மூடிய இருபது நிமிடம்

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அக்காவின் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து நின்றபோது அதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அதன் குறை.

அக்கா கால்நடை மருத்துவர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பண்ணை பண்ணையாகப் போய்க்கொண்டே இருப்பாள். ஓரிடத்தில் இருபது நிமிடம், இன்னோரிடத்தில் அரை மணி. கைகளைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பற்றாது. மறுபடி திருப்புவாள், மறுபடி சுற்றும். முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, முதல் திருப்பலிலேயே கிளம்பும். வண்டியை இங்கே கொண்டுவந்தாலோ ஒவ்வொரு தடவையும் கிளம்பும்.

"பல்லு வலிக்காரன் டாக்டர் வாசப்படியை மிதிச்சதும் வலி போயிடுமே, அந்த ஜாதி" என்றார் அத்தான்.

ஒர்க்‌ஷாப் அக்காவின் தம்பியான அவனுக்கும் அவள் கணவரான அத்தானுக்கும் பொது. எஞ்சின் அவன் கை, வயரிங் அத்தான் கை. பேச்சு முழுவதும் அத்தானுடையது. வாடிக்கையாளர்கள் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் பதிலுக்கு அவனுக்கு முனிவர் என்று வைத்தார். அவன் ஒரு எஞ்சினின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், கையைக் கட்டிக்கொண்டு, ஒரு ஸ்பேனரும் தொடாமல், ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பான். புத்தகம் படிக்கிறவனின் முகம் மாதிரி இருக்கும் அப்போது.

அக்கா சாவியை மேசைமேல் வைத்தாள்.

"நேத்து ஒரு பசு. கன்னு குறுக்க கிடக்குன்னு போன் பண்ணாங்க. நான் முந்தின பண்ணையில வண்டி கிளம்பாம நின்னுட்டு இருக்கேன். கடைசில அந்த வீட்டம்மாவே கையை விட்டுத் திருப்பி இழுத்துட்டாங்க. கன்னு பொழைச்சுது. அது அவங்க கெட்டிக்காரத்தனம், என்னோடது இல்ல."

"அக்கா, ரெண்டு நாள் குடு."

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு டீலர் ஆள் வர்றான். இதைக் குடுத்துட்டு, எல்லாரும் வச்சிருக்கிற மாதிரி ஒரு வண்டி எடுத்துக்கப் போறேன். அதுவரைக்கும் நீ என்ன வேணா பண்ணு."

அன்று வியாழக்கிழமை.

அக்கா யாரிடமும் யோசனை கேட்டுப் பழக்கமில்லாதவள். எந்தப் படிப்பு என்று அப்பாவிடம் கேட்கவில்லை. யாரைக் கட்டிக்கொள்வது என்று அம்மாவிடம் கேட்கவில்லை. அத்தானிடமே கேட்கவில்லை, தேதியை மட்டும் சொன்னாள் என்று அத்தான் சொல்லிக்கொண்டு திரிவார். அப்படிப்பட்டவள் ஆயுளில் ஒரே ஒரு தடவை, போன வருடம், சாப்பாட்டு மேசையில், "ஏன்டா, டிரெய்லரை இழுத்துட்டு சேத்து மேட்டுல ஏறணும். என்ன வண்டி வாங்கலாம்?" என்று அவனைப் பார்த்துக் கேட்டாள். அருகில் இருந்த அத்தான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று அவன் பேசினான். இரண்டு உள்ளங்கைகளையும் மணிக்கட்டில் ஒட்டி, மேலே விரித்து வைத்துக்கொண்டு பேசினான். "இதுதான் எஞ்சின். இந்தக் கையில நாலு சிலிண்டர், அந்தக் கையில நாலு. நடுவுல இருக்கிறது பள்ளம். வழக்கமா காத்து இந்தப் பள்ளத்து வழியா உள்ள போகும், எரிஞ்ச புகை ரெண்டு புறங்கைப் பக்கமும் வெளிய வரும். டர்போ ரெண்டும், காத்தை அழுத்தி உள்ள தள்ளுற காத்தாடிங்க, அந்த ஓரத்துல தொங்கும். புகை அவ்வளவு தூரம் சுத்தி வந்து டர்போவைச் சுத்த வைக்கணும். வர்றதுக்குள்ள சூடும் வேகமும் பாதி போயிடும். நீ மிதிச்சு ஒரு மூச்சு விட்ட பிறகுதான் வண்டிக்கு உறைக்கும்."

பிறகு விரல்களை உள்பக்கம் மடக்கினான். "இந்த எஞ்சின்ல ஒருத்தன் எல்லாத்தையும் திருப்பிப் போட்டுட்டான். காத்து வெளிப்பக்கமிருந்து வருது. புகை உள்பக்கம், பள்ளத்துக்குள்ளயே வருது. டர்போ ரெண்டும் பள்ளத்துக்குள்ளயே உக்காந்திருக்கு. வாசலைத் திறந்தா அடுத்த வீடு. புகை சுடச்சுடப் போய் அடிக்கும். நீ மிதிக்கிற நொடியில இழுக்கும். எஞ்சினும் ஒடுங்கி, கைக்கு அடக்கமா இருக்கும்."

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவன் தட்டில் எல்லாம் ஆறிப்போயிருந்தது. கடைசியாக, "ஒண்ணே ஒண்ணு. சூடு பூரா நடுவுல சேரும். அதுக்கும் வழி பண்ணியிருக்கான்" என்று முடித்தான். மறுவாரம் அக்கா பத்து வருடம் ஓடிய, ஆனால் நன்றாக வைத்திருந்த அப்படியொரு பிக்கப்பை வாங்கிவிட்டாள்.

சனிக்கிழமை அந்த வண்டி போய்விட்டால் யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. அக்காவும் சொல்லமாட்டாள். இனிமேல் எதையும் கேட்கமாட்டாள், அவ்வளவுதான். 

வியாழன் முழுக்க சோதித்தார்கள். டிரெய்லரில் இரும்புக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுச் சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு உள்ளே கொண்டுவந்து நிறுத்துவது. இருபது நிமிடம் காத்திருப்பது. சாவியைத் திருப்புவது. ஆறு தடவை செய்தார்கள். ஆறு தடவையும் வண்டி சிரித்துக்கொண்டே கிளம்பியது. அத்தான் கணினியைச் சொருகிப் பார்த்தார். பழைய பிழை ஒன்று எஞ்சின் சுற்றும் வேகத்தைச் சொல்லும் சென்சாரின் பெயரில் எப்போதோ பதிவாகியிருந்தது. புதிதாக ஒன்றுமில்லை.

"அவ சாவியைத் திருப்புற விதத்துல ஏதாவது..." என்று ஆரம்பித்தார் அத்தான்.

"இதை வீட்டுல போய் சொல்லுங்க பாப்போம்."

"நான் ஏன்யா சொல்றேன்? எனக்கு ராத்திரி சாப்பாடு வேணும்."

வெள்ளிக்கிழமை காலை அவன் அக்காவோடு கிளம்பினான். வண்டி ஓடும்போது இருவரும் பேசவில்லை. அவர்களுக்குள் அது எப்போதும் சிரமமாக இருந்ததில்லை. மேட்டில் டிரெய்லரோடு ஏறும்போது எஞ்சின் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அவன் அதைக் கேட்டுக்கொண்டே, அதோடு இப்படி வருவது நாளைக்குப் பிறகு இருக்காதே என்று நினைத்தான்.

முதல் பண்ணையில் அக்கா இறங்கினாள். பானட்டைத் திறக்கும் கைப்பிடியை நோக்கி அவன் கை தானாகப் போனது. போகாமல் எங்கே போகும்? ஒர்க்‌ஷாப் சுவரில் அவனே பெயின்ட்டால் எழுதிவைத்த வரி அது: எஞ்சின் நின்றதும் பானட்டைத் திற. கையை வைக்காதே, கண்ணை வை. எண்ணெய்க் கசிவும் தண்ணீர்க் கசிவும் சூட்டில்தான் கண்ணுக்குத் தெரியும், ஆறிவிட்டால் ஒளிந்துகொள்ளும் என்பது அவன் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். எழுதிய புதிதில்தான் எல்லோரும் அதைப் படித்தார்கள். இப்போது யாரும் படிப்பதில்லை, கைகளுக்கே தெரியும்.

"இறங்காத" என்றாள் அக்கா, கண்ணாடி வழியே. "நாய் அவுத்து விட்டிருக்காங்க. என்னைத் தெரியும். உன்னைத் தெரியாது."

நாய் கன்றுக்குட்டி அளவு இருந்தது. குரைக்கவில்லை. வண்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அவன் ஒரு எஞ்சினைப் பார்க்கிற மாதிரியே அவனைப் பார்த்தது. அவன் கதவை விரல் அளவு திறந்தான். நாய் எழுந்தது. அவன் மூடினான். நாய் உட்கார்ந்தது. இருவருக்கும் இடையில் இப்படியொரு உடன்பாடு ஏற்பட்டுவிட்ட பிறகு அவன் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துகொண்டான். கண்ணாடியில் தூறல் விழுந்து வழிந்தது. பானட்டின் மேல் விழுந்த துளிகள் மட்டும் வழியவில்லை. விழுந்த இடத்திலேயே சுருங்கிக் காணாமல் போயின. முதலில் ஓரங்களில் நின்ற ஈரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது. நிறுத்திப் பத்து நிமிடம் ஆன பிறகும் காய்ந்துகொண்டே இருந்தது. அதை அவன் பார்த்தான், ஆனால் அதைப் பற்றி நினைக்கவில்லை.

இருபத்தைந்து நிமிடம் கழித்து அக்கா வந்து சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பற்றவில்லை.

"பாத்தியா?" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

பண்ணைக்காரர் வந்து நாயைப் பிடித்துக்கொண்டார். அவன் குதித்து இறங்கி பானட்டைத் தூக்கினான். உள்ளேயிருந்து எழுந்த அனல் முகத்தில் அறைந்தது. கண்ணிமைகூடக் காய்ந்த மாதிரி இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் இப்படி அறைந்ததே இல்லை. அங்கே வண்டி நின்ற மறுகணமே திறந்துவிடுவார்கள், அப்போது இவ்வளவு சூடு சேர்ந்திருக்காது. பிறகு திறந்தபடியே கிடக்கும். டீ குடிப்பார்கள், இருபது நிமிடம் காத்திருப்பார்கள்.

அவன் பானட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அக்கா ஏதோ கேட்டாள், அவன் காதில் விழவில்லை. பத்து நிமிடத்தில், அவன் எதையும் தொடாமலேயே, வண்டி கிளம்பியது.

"என்னடா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. திறந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா. ஒரு வாரமா நாங்க அதைத்தான் பண்ணிட்டு இருக்கோம்."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த பண்ணைக்குப் போனாள். அங்கே அவன் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரோ குற்றவாளியைக் காவல் காப்பது போல இருந்தது. வண்டி மறுபடியும் கிளம்பவில்லை. அவனுக்கு அப்படியொரு நிம்மதி.

மத்தியானம் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தான். அத்தானின் வெப்பமானியிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எஞ்சின் பள்ளத்துக்குள், டர்போக்களுக்குப் பின்னால் அந்தச் சென்சார் இருக்கும் இடம்வரை விட்டு, மறுமுனையைக் கதவு இடுக்கு வழியாக வண்டிக்குள் கொண்டுவந்தான். மேட்டுச் சாலையில் ஓட்டினார்கள். ஓடும்போது நூற்று இருபது டிகிரி காட்டியது. உள்ளே வந்து நிறுத்தினான். அத்தானின் கை கதவுக்குப் போனது.

"எங்க போறீங்க?"

"பானட்டைத் திறக்க."

"உக்காருங்க."

அத்தான் உட்கார்ந்தார். எண்கள் ஏறத் தொடங்கின. நூற்று முப்பது. நூற்று நாற்பத்தைந்து. ஓடுகிற எஞ்சினைவிட நின்ற எஞ்சின் சூடாகிக்கொண்டிருந்தது. ஓடும்போது காற்று புகும், தண்ணீர் சுற்றும். நின்றதும் இரண்டும் நின்றுவிடும். பள்ளத்தில் சிவக்கக் காய்ந்த இரண்டு டர்போக்கள் மட்டும் தங்கள் சூட்டைச் சுற்றிலும் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேலே மூடி இருந்தால் அந்தச் சூடு எங்கே போகும்? பின்னால் இருக்கும் சென்சாருக்குத்தான்; சூட்டில் அது மயங்கிவிட்டால் சுற்றுவதே எஞ்சினுக்குத் தெரியாது, பற்றாது.

"குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதை" என்றார் அத்தான். "நாமளே ஒளிச்சு வச்சுட்டு நாமளே தேடியிருக்கோம் மாப்ள. சரி, ஒரு விஷயம் சொல்றேன் கேளு, போன வாரம் ஒருத்தன்..."

"அத்தான்."

"சரி, சரி."

அவர் வாயை மூடினார். அவன் அறிந்தவரை வேலை நேரத்தில் அவர் தொடர்ந்து பதினோரு நிமிடம் பேசாமல் இருந்தது அன்றுதான். அந்த அமைதியில் எண்கள் ஏறுவதை இருவரும் பார்த்தார்கள். நூற்று எழுபது. நூற்று எண்பத்து நான்கு. சில நேரங்களில் ஒரு எண் நின்று தயங்கும்போது, ஏறிவிடு, ஏறிவிடு என்று அவன் மனதுக்குள் கெஞ்சினான்.

இருபது நிமிடம். அவன் சாவியைத் திருப்பினான். சுற்றியது. பற்றவில்லை.

அத்தான் "அப்படிப் போடு!" என்று கத்திக்கொண்டு அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். அவனும் சிரித்துவிட்டான். தன் காரை எடுத்துப்போக வந்து வாசலில் நின்றிருந்த டீச்சரம்மா, கிளம்பாத வண்டிக்குள் இரண்டு பெரிய ஆண்கள் கட்டிப்பிடித்துக் குதூகலிப்பதைப் பார்த்து, ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"வேற வண்டிங்கம்மா இது" என்றார் அத்தான் அவசரமாக. "உங்களோடது கிளம்பும்."

அத்தோடு முடியவில்லை. சூடு சேரும் என்பது அந்த எஞ்சினைச் செய்தவனுக்கும் தெரியும். அதற்காகவே ஒரு சிறிய மின்சாரத் தண்ணீர் பம்ப் வைத்திருந்தான். எஞ்சின் நின்ற பிறகும் சில நிமிடங்கள் அது ஓடி, டர்போக்களைச் சுற்றித் தண்ணீரை அனுப்ப வேண்டும். அத்தான் காதை வைத்துக் கேட்டார்.

"ஓடுதே மாப்ள. நல்லா கேக்குது. கரண்டும் போகுது."

அவன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பம்பிலிருந்து போகும் ஹோஸைப் பிடித்தான். உள்ளே தண்ணீர் ஓடினால் கைக்குள் ஒரு நடுக்கம் தெரியும், நாடி மாதிரி. அவன் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் தெரியவில்லை.

பம்பைக் கழற்றி மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தபோது மோட்டார் உற்சாகமாக ரீங்கரித்தது. அதன் தண்டு சுற்றியது. தண்ணீரைத் தள்ளவேண்டிய பிளாஸ்டிக் சக்கரம் தண்டை விட்டுக் கழன்று, அசையாமல் படுத்திருந்தது.

"மாடு சுத்துது, செக்கு சுத்தல" என்றார் அத்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னை மாதிரி சத்தம் மட்டும்" என்று சேர்த்துக்கொண்டார்.

மாலைக்குள் புதிய பம்ப் வந்தது. சூட்டில் நொறுங்கிப்போயிருந்த சென்சாரையும் அதன் சொருகியையும் மாற்றினார்கள். மறுபடி மேடு, மறுபடி நிறுத்தம், பானட் மூடியே இருந்தது. எண் நூற்று முப்பத்தெட்டு வரை ஏறி, அங்கே நின்று யோசித்துவிட்டு, இறங்க ஆரம்பித்தது. வண்டி கிளம்பியது. அன்று வீட்டுக்குப் போகும்முன் சுவரில் இருந்த வரிக்குக் கீழே அவன் சிறிய எழுத்தில் இன்னொன்றை எழுதினான்: ஒரு முறையாவது மூடியும் வை.

சனிக்கிழமை காலையும் அக்காவோடு போனான். முதல் பண்ணையில் கிளம்பியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதில் அரை மணி நேரம் நின்றும் கிளம்பியது. அங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய மௌனத்தைப் படிக்கத் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அன்று அவனால் முடியவில்லை. மணி பத்தரை.

மூன்றாவது பண்ணைக்குப் போகும் வழியில் அவனே ஆரம்பித்தான்.

"பம்ப் போனது வண்டியோட குறை. அதை ஒரு வாரம் கண்டுபிடிக்காம விட்டது எங்க குறை. வண்டி நின்னதும் பானட்டைத் திறக்கணும்னு நான்தான் எழுதி வச்சேன். நீ அங்கங்க மாட்டிக்கிட்டு நின்னது என்னாலதான்."

"ம்."

"இந்த எஞ்சின் கெட்டது இல்ல அக்கா. ஆனா நான் சொன்னேன்னுதானே வாங்கின. சூடு நடுவுல சேரும்னு ஒரே வரியில சொல்லி முடிச்சுட்டேன். அதையும் விவரமா சொல்லியிருக்கணும்."

அக்கா சாலையைப் பார்த்தபடி ஓட்டினாள். கொஞ்ச தூரம் போன பிறகு அவள் உதடு ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"நீ சொன்னதுல பாதி எனக்குப் புரியவே இல்லடா."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"கையை இப்படி வச்சுக்கிட்டு பள்ளம்ன, புகைன்ன, அடுத்த வீடுன்ன. மேட்டுல ஏறுமான்னு கேட்டேன். ஏறும்னு ஒரு வார்த்தை போதும் எனக்கு. நீ ஒரு மணி நேரம் பேசின. நீ பொறந்ததுல இருந்து உன்னைப் பாக்கிறேன், அப்படிப் பேசி நான் பாத்ததே இல்ல. சாப்பிடக்கூட இல்ல. உங்க அத்தான் வாயே திறக்கல." அவள் கியரை மாற்றினாள். "இவன் முகத்தை இப்படி ஆக்குற பொருள் நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கட்டும்னு வாங்கினேன்."

அவன் ஒரு வருடமாகத் தன் வார்த்தையைத்தான் அவள் நம்பினாள் என்று சுமந்துகொண்டிருந்தான். அது இல்லை என்று இப்போது தெரிந்தது. இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் கைகள் காலியாக இருக்கும் என்று எண்ணினான், இல்லை. வேறு ஏதோ இருந்தது. அதற்கு ஒரு பெயரைத் தேடினான். பிறகு தேடுவதை விட்டுவிட்டு சாலையைப் பார்த்தான்.

போன் அடித்தது. அக்கா அதை ஒலிபெருக்கியில் போட்டாள். டீலர் ஆள் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தான். கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டதாகச் சொன்னான்.

"தப்பா நினைக்காதீங்க" என்றாள் அக்கா. "வண்டி குடுக்கல. என் தம்பிகிட்ட கேட்டேன், வேணாம்னுட்டான்."

"அவரு மெக்கானிக்குங்களா?"

"ஆமா. இந்த வண்டியைப் பத்தி அவன்கிட்டதான் கேப்போம்."

அவள் அவனிடம் கேட்கவில்லை. அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போனை வைத்த பிறகு அவன் அதைச் சொல்ல வாயெடுத்தான். அக்கா அவனைப் பார்க்காமலேயே, "என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. மேட்டுல மூணாவது கியர் போதும்."

அவள் மூன்றாவதில் போட்டு மிதித்தாள்.